மலையகச் சுற்றுலாவில் அரை நாளை ஜீப்புக்கு ஒதுக்குங்கள்: வன்னிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியின் சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

காலபோக அறுவடை முடிந்து, நெல் விற்ற காசில் கடன் போக ஏதேனும் மிஞ்சியிருக்கும் மாதங்களில்தான் நமது ஊர்களில் மலையகச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுகிறது. எத்தனை நாள், எத்தனை இடம், ஆளுக்கு எவ்வளவு என்பதை நீங்கள்தான் கூடிப் பேசித் தீர்மானிக்கிறீர்கள். சமையல் பாத்திரம் முதல் குழந்தைகளின் குளிர்ச்சட்டை வரை நீங்களே சுமக்கிறீர்கள். அந்த உழைப்பை நன்றியோடு நினைத்துக்கொண்டே இக்கோரிக்கையை முன்வைக்கிறேன். அடுத்த சுற்றுலாவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு காலைப்பொழுதை, மலைப்பாதைகளை அறிந்த உள்ளூர்ச் சாரதியும் வழிகாட்டியும் உள்ள ஜீப் பயணத்துக்கென ஒதுக்குங்கள். அதில் முதல் இடத்தை நடக்க முடியாதவர்களுக்குக் கொடுங்கள்.

நமது வழக்கமான பயண ஒழுங்கு அனைவரும் அறிந்ததே. இரவு புறப்பட்டு, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, விடியும் வேளையில் மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கி, பேராதனைப் பூந்தோட்டம், றம்பொடை அனுமார் கோயில், நுவரெலியாவின் கிரகறி வாவி, விக்டோரியா பூங்கா, சீத்தாஎலிய அம்மன் கோயில், ஹக்கல பூந்தோட்டம், அம்பேவெல பால்பண்ணை என்று மூன்று நாளில் எல்லாவற்றையும் தொட்டுத் திரும்புகிறோம். இவை நல்ல இடங்கள்தாம். எனினும் இவற்றில் பெரும்பாலானவை பெருவீதியின் ஓரத்திலேயே இருப்பவை. மலையின் உச்சிக்கு ஏறி, கீழே பள்ளத்தாக்குகள் அடுக்கடுக்காக விரிந்து கிடப்பதைக் காணும் வாய்ப்பு இந்த ஒழுங்கில் அரிதாகவே வருகிறது. வந்தாலும் அது கால் வலுவுள்ள இளைஞர்களுக்கே கிடைக்கிறது. நீர்வீழ்ச்சிக்கோ மேட்டுக்கோ ஏற வேண்டிய இடம் வந்ததும் ஒவ்வொரு பயணத்திலும் சிலர், "நாங்கள் சாமானைப் பாத்துக்கொண்டு இருக்கிறம், நீங்கள் போட்டு வாங்கோ" என்று வாகனத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களும் நம்மைப் போலவே பணம் கட்டியவர்கள்.

வன்னியில் அப்படித் தங்குபவர்களின் எண்ணிக்கை வேறு ஊர்களை விடக் கூடுதலாக இருப்பதற்கான காரணத்தை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர், செயற்கைக் காலோடு நடப்பவர்களையும், ஊன்றுகோலின்றி எழ முடியாதவர்களையும், எறிகணைச் சிதறல்களை இன்னும் உடலுக்குள் சுமப்பவர்களையும் நமது ஒவ்வொரு கிராமத்திலும் விட்டுச் சென்றிருக்கிறது. அன்று இளைஞராகவும் யுவதிகளாகவும் இருந்து காயப்பட்டவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் எட்டிவிட்டார்கள். அவர்களுடன் மூட்டு வலியால் மாடிப்படி ஏறவே தயங்கும் தாய்மாரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு வாகனத்தில் கால்வாசிப் பேர் மலைக்குப் போயும் மலையைக் காணாமல் திரும்புகிறார்கள் என்று சொல்வது மிகையாகாது. அவர்களை உச்சிக்குக் கொண்டு செல்லக்கூடிய வாகனம் மலையகத்தில் வாடகைக்குக் கிடைக்கிறது என்னும்போது அதனை நாம் கருத்தில் கொள்ளாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை.

எந்த இடத்தைத் தெரிவு செய்வது என்பதில்தான் கவனம் தேவை. ஜீப் என்றதும் பலரும் ஹோர்ட்டன் சமவெளியை நினைக்கிறார்கள். சுமார் 2,100 மீற்றர் உயரத்துக்கு மேல் விரிந்து கிடக்கும் அந்தப் புல்வெளி அழகானதுதான். ஆனால் 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தில் வாகனங்கள் தரிப்பிடத்தோடு நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து 'உலக முடிவு' எனும் செங்குத்துப் பாறை விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வர ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடந்தே ஆக வேண்டும். ஆகவே ஹோர்ட்டன் சமவெளிக்கு ஜீப் பயணம் என்று யாராவது விலை கூறினால், வாயிலைக் கடந்து தரிப்பிடம் வரை கொண்டுபோய் விடுவதற்கான விலையே அது என்பதைப் பொருளாளர்கள் அறிந்திருக்க வேண்டும். நடக்க இயலாதவர்களை அங்கே கூட்டிச் செல்வது, அவர்களை இன்னொரு தரிப்பிடத்தில் காத்திருக்க வைப்பதற்கே ஒப்பாகும்.

என் கருத்தில் முதன்முறை முயல்பவர்களுக்கு மிகப் பொருத்தமான இடம் அப்புத்தளைக்கு அருகிலுள்ள லிப்டன் சீற் எனும் காட்சி முனை ஆகும். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தோட்டத்து ஒடுக்கமான வீதி தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏழு கிலோமீற்றர் அளவில் மேலே ஏறுகிறது. பெரிய பேருந்து அங்கே ஏற முடியாது. ஜீப்போ முச்சக்கர வண்டியோ ஏறக்கூடிய அந்த வீதி காட்சி முனையின் அருகு வரை செல்வதால், மிகக் குறைந்த நடையோடு ஒருவர் மலையின் விளிம்பில் நிற்கலாம். தெளிவான காலையில் அங்கிருந்து தெற்கே தாழ்நிலம் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை விரிந்து தெரியும். பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிடும் நாட்களே அதிகம் என்பதால் அதிகாலையில் புறப்படுவது அவசியம்.

கரடுமுரடான உண்மையான மலைப்பாதையை விரும்பும் இளையோருக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர் உண்டு. நம்மைப் பொறுத்தவரை அது மிக அருகில் இருக்கும் மலையும் கூட. ஏ9 வீதியில் நாம் எப்படியும் கடந்து செல்லும் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாகத் திரும்பினால் ரிவர்ஸ்டன் கணவாயும், அதற்கப்பால் பிட்டவல பத்தனை எனும் இயற்கைப் புல்வெளியும், இலுக்கும்புர கிராமமும் வருகின்றன. இன்னொரு பக்கத்தில், கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் ஹுன்னஸ்கிரியவில் பிரிந்து கோர்பட்ஸ் கணவாயைக் கடந்தால் மீமுரே எனும் தொலைகிராமத்தை அடையலாம். மீமுரே செல்லும் பாதையின் கடைசிப் பகுதி குழியும் கல்லுமாக இருப்பதால், நமது வான்களை அதில் இறக்குவதை எவரும் நினைத்தும் பார்க்கக் கூடாது. நான்கு சில்லுக்கும் இயந்திர வலுப் பாயும் ஜீப்பும், ஒவ்வொரு வளைவையும் அறிந்த சாரதியுமே அங்கு பொருத்தம். முதுகெலும்புக் காயம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இருதய நோயாளர்கள், உடலில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் குலுக்கல் நல்லதல்ல என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு லிப்டன் சீற், மற்றவர்களுக்கு நக்கிள்ஸ் என்று வெவ்வேறு ஆண்டுகளில் வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆண்டில் தெரிவு செய்ய நேர்ந்தால் நடக்க முடியாதவர்கள் பக்கமே சாயுங்கள்.

நமது சங்கங்கள் இதுவரை எண்ணிப் பார்க்காத மூன்றாவது வகைப் பயணம் ஒன்றும் இருக்கிறது. என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுவே. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் பல குடும்பங்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவை. 1958இலும் 1977இலும் வன்செயல்களுக்கு அஞ்சி வந்து, காடு வெட்டிக் குடியேறி, இன்று வன்னி மண்ணின் மக்களாகவே ஆகிவிட்ட அவர்களில், பிள்ளைப் பருவத்தில் விட்டு வந்த தோட்டத்தை மறுபடியும் காண வேண்டும் என்று ஏங்கும் முதியோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பிறந்த லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு பெரும்பாலும் மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவில், பேருந்து போகாத பாதையின் முடிவில் இருக்கும். நமது சுற்றுலா வாகனம் தோட்டத்தின் பெயர்ப்பலகையைக் கடந்து போகும்போது அவர்கள் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்ப்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, அந்தத் தோட்டத்தைச் சேர்ந்த ஒருவரையே வழிகாட்டியாக வைத்து, இத்தகைய முதியவர்கள் நான்கு பேரை ஒரு ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டு சென்று வருவதற்கு ஆகும் செலவு, முழுக் குழுவும் ஒரு பூங்காவுக்குச் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தை விடப் பெரிதும் கூடிவிடாது என்றே நினைக்கிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த பாதையில் எண்ணற்றோர் மாண்டார்கள். அந்த நினைவைப் போற்றி 2023ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்டில் மாத்தளையைச் சென்றடைந்தது. நமக்கும் மலையகத்துக்கும் உள்ள உறவு அத்தகையது. ஆகவே லயங்களுக்குள் கமராவோடு நுழைந்து வேடிக்கை பார்ப்பவர்களாக அல்லாமல், உறவினராகவே நாம் அங்கே போக வேண்டும்.

அடுத்து, பாதுகாப்பு. 2025 மே மாதத்தில் கொத்மலைப் பகுதியில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில், சுற்றுலா சென்று திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகர சபை ஊழியர்களின் பேருந்து இரவு வேளையில் எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் மாண்டார்கள். அவர்களும் நம்மைப் போலவே ஒரு சங்கமாகச் சேர்ந்து புறப்பட்டவர்கள்தாம். நமது வான் சாரதிகள் திறமையானவர்கள். ஏ9 வீதியின் நேர்கோட்டில் மாட்டையும் யானையையும் இரவிலும் கண்டு நிறுத்தத் தெரிந்தவர்கள். ஆனால் மலை இறக்கம் வேறு பழக்கத்தைக் கோருகிறது. நீண்ட இறக்கத்தில் பிறேக்கையே தொடர்ந்து மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, பிடிக்கும் வலுவை இழந்துவிடும். ஏறும்போது எந்தக் கியர் தேவையோ ஏறத்தாழ அதே கியரில் இயந்திரத்தின் இழுவையாலேயே வேகத்தைத் தணித்து இறங்க வேண்டும். சமதரையிலேயே ஓடிப் பழகியவருக்கு இது இயல்பாக வருவதில்லை. மேலும், இரவெல்லாம் விழித்து வாகனம் ஓட்டி வந்த அதே சாரதியைப் பகல் முழுவதும் வளைவுகளில் ஓட வைக்கிறோம். ஜீப்புக்கென ஒதுக்கும் நான்கைந்து மணி நேரமும் அவர் நிம்மதியாகப் படுத்துறங்கும் நேரமாக அமையும். திரும்பும் பயணத்தின் பாதுகாப்புக்கு இதனை விடச் சிறந்த ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காலநிலையையும் கவனியுங்கள். நுவரெலியாவும் ஹற்றனும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழையில் நனைகின்றன. நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகளுக்கு ஆண்டின் இறுதியில் வாடைக்காற்றோடு வரும் மழை அதிகம். பாடசாலைப் பிள்ளைகளோடு ஓகஸ்டில் போவோர் மேற்குச் சரிவை விடக் கிழக்கு, ஊவாப் பக்கங்களை நாடுவது நல்லது. அறுவடை முடித்துப் போவோருக்கு மார்ச் மாதம் உகந்தது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகால நெரிசல் தொடங்கிவிடும். பிற்பகலில் இடியோடு மழை பெய்வதும் வழக்கம். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பின்னர், எந்தத் தோட்ட வீதி திறந்திருக்கிறது, எந்தச் சரிவு இன்னும் ஆட்டம் காண்கிறது என்பதை அங்கேயே வாழும் ஒருவரால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. புறப்படுவதற்கு முதல் நாள் செயலாளர் அதனைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை இருந்தால், கொடுத்த முற்பணம் போனாலும் போகட்டும், ஜீப் பயணத்தைக் கைவிடுங்கள்.

வாகனத்தை ஒழுங்கு செய்யும்போது தலைக்கு இவ்வளவு என்று பேசாமல் ஜீப்புக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தலைக்கணக்கில் பேசினால் ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை நெருக்கும் ஆசை இரு தரப்புக்கும் வந்துவிடும். எரிபொருள், காத்திருப்பு, நுழைவுக் கட்டணம், வழிகாட்டியின் கூலி ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்குமா என்பதைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. குறித்த பிரதேசத்துக்கென்றும் குறித்த தலத்துக்கென்றும் தனித்தனி வகைகள் உள்ளன. அதனைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. ஏறுவதற்கு முன் ரயர்களின் தேய்மானத்தையும், ஆசனப் பட்டிகளையும், பின்னாலுள்ள நீட்டு வாங்கில் பிடித்துக்கொள்வதற்குக் கம்பி உண்டா என்பதையும் குழுவில் வாகனம் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். செயற்கைக் கால் அணிந்தவரை முன் ஆசனத்தில் இருத்துங்கள். ஏறி இறங்க ஒரு சிறிய படிக்கட்டையோ முக்காலியையோ வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். அப்புத்தளை, நுவரெலியாப் பக்கங்களில் தமிழ் பேசும் சாரதிகள் இருக்கிறார்கள். ரிவர்ஸ்டன், மீமுரே பக்கங்களில் பெரும்பாலும் சிங்களமே பேசப்படுவதால், முதியவர்களுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி பேசுவதை விளங்கிக்கொள்ள முடியாத பயணத்தில், எதிரே நிற்பது எந்த மலை, அந்த ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்பது கூடத் தெரியாமல் திரும்ப நேரிடும்.

பாதையை விட்டு வாகனத்தை இறக்கும்படி எந்தச் சாரதியையும் தூண்டாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் சிவனொளிபாதமலைக் காடும் 2010இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் பகுதிகள். பத்தனைப் புல்லின் மேல் சில்லுப் பதிந்த தடம் அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகி, மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். அது ஆற மிக நீண்ட காலம் எடுக்கும். 2022 ஒக்டோபரில் யால பூங்காவுக்குள் சிலர் ஜீப்புகளைத் தாறுமாறாக ஓட்டித் திரிந்தபோது நாடு முழுவதும் கொதித்தெழுந்ததை நினைவில் கொள்ளுங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு இடையில் பிள்ளைகளை வளர்த்த நமக்கு, அனுமதிக்கப்பட்ட தடத்தை விட்டு ஓரடியும் விலகாமல் நடப்பது பழகிய ஒழுக்கம். இதே ஒழுக்கத்தை மதுபானத்திலும், காதைப் பிளக்கும் பாட்டுப் பெட்டியிலும், சாப்பிட்ட பின் எறியும் லஞ்ச் சீற்றிலும் காட்ட வேண்டும் என்று வேண்டுகிறேன். நீர்வீழ்ச்சிகளில் ஆண்டுதோறும் இளைஞர்கள் மூழ்கி இறக்கும் செய்திகளைப் படிக்கிறோம். குடித்துவிட்டு வருபவரை ஜீப்பில் ஏற்றுவதில்லை என்ற விதியைச் சங்கமே முன்கூட்டி அறிவித்துவிடட்டும்.

செலவு கூடும் என்ற மறுப்பு நியாயமானதே. நாட்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் கூடினாலும் அது பாரம்தான். அதற்கு நான் காணும் வழி, மூன்று நாளில் அடுக்கி வைத்திருக்கும் இடங்களில் இரண்டைக் குறைப்பது. நுழைவுக் கட்டணமும் எரிபொருளும் அதில் மிஞ்சும். ஐம்பது பேர் செல்லும் பேருந்துக்கு எட்டு ஒன்பது ஜீப்புகள் வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. அத்தனை வாகனங்களை ஒரே நேரத்தில் ஒடுக்கமான தோட்ட வீதியில் ஏற்றுவதை நானே ஆதரிக்க மாட்டேன். பெரிய குழுக்கள் நடக்க முடியாதவர்களுக்கும் அவர்களுக்குத் துணையாகச் செல்பவர்களுக்கும் மட்டும் இரண்டு மூன்று ஜீப்புகளை ஒழுங்கு செய்யட்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் தொழிற்சாலையைப் பார்க்கலாம், அல்லது நடந்தே ஏறலாம். ஜீப் கூலியை எல்லோரும் சமமாகப் பங்கிட வேண்டுமே தவிர ஏறுபவர்களிடம் மட்டும் அறவிடக் கூடாது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பாடசாலைக்கு வளைவும் மதிலும் கட்டப் பணம் அனுப்புகிறார்கள். இந்தக் கூலியை ஏற்கும்படி அவர்களிடம் கேட்டால் மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பணம் மலையகத்து இளைஞர் ஒருவரின் கைக்கு நேராகப் போவதும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. தேயிலைத் தோட்டத்தின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர 2024 வரை போராட வேண்டியிருந்த மண்ணில், ஒரு குடும்பத்துக்கு வாகனத்தொழில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கு உறவினர் உள்ளவர்கள் அறிவார்கள்.

ஆகவே, சுற்றுலாவுக்குத் திகதி குறிக்கும் பொதுக்கூட்டத்திலேயே இதனை ஒரு தனி விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். இடங்களின் பட்டியலை எழுதுவதற்கு முன், ஊரில் வாகனத்தை விட்டு இறங்க முடியாதவர்கள் யார், தோட்டத்தைப் பார்க்க விரும்பும் முதியவர்கள் யார் என்பதை மாதர் சங்கத்தினர் வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். சுற்றுலாவுக்கே வர மறுத்துவிட்டவர்களின் வீட்டுக்கும் அவர்கள் போக வேண்டும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டே எந்த மலைக்கு, எத்தனை ஜீப் என்பதை முடிவு செய்யுங்கள்.

இங்ஙனம்,
வன்னியிலிருந்து உங்கள் சங்க உறுப்பினர் ஒருவர்